சொல்லின் அழகைக் கடந்து பொருளைத் தேடிய புனித அகுஸ்தீனார்



நாம் நாள்தோறும் எத்தனையோ எழுத்துக்களை வாசிக்கின்றோம். பத்திரிகை, பாடநூல், துண்டுப்பிரசுரம், கைத்தொலைபேசியில் வந்துசேரும் செய்தி, இவை யாவற்றுக்கும் மேலாக இல்லங்களில் நாம் போற்றிவைத்திருக்கும் திருவிவிலியம் ஆகிய அனைத்தும் நம் கண்முன் விரிகின்றன. ஆயினும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த அனைவரும் வாசித்ததன் பொருளை அறிந்துகொண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. எழுதியவர் உண்மையில் எதனை வலியுறுத்த விழைகின்றார்? வெளிப்படையாகச் சொல்லப்படாத எதனை நாம் உய்த்துணர வேண்டும்? நம் அறிவையும் உணர்வையும் அவர் எவ்வழியில் தம்பக்கம் ஈர்க்கின்றார்? இம்மூன்று வினாக்களையும் எழுப்பி வாசிப்பவரே பொருளைக் கண்டடைகின்றார்.

இவ்வினாக்களுக்கான விடையைத் தம் வாழ்நாள் முழுவதும் தேடிய ஒருவரைத் திருச்சபை ஆண்டுதோறும் ஓகஸ்ட் 28ஆம் நாள் நினைவுகூருகின்றது. அவர் ஹிப்போ நகரின் ஆயரும் திருச்சபையின் மறைவல்லுநருமான புனித அகுஸ்தீனார். அவருடைய மனமாற்றத்தைப் பற்றி நாம் பலமுறை கேள்வியுற்றிருக்கின்றோம். தாய் மோனிக்காவின் கண்ணீர் வென்ற கதை என்றே அதனை அறிந்திருக்கின்றோம். அது உண்மையே. ஆனால் அதே வரலாறு, தவறாக வாசித்த ஒரு மனிதர் சரியாக வாசிக்கக் கற்றுக்கொண்ட வரலாறாகவும் அமைந்துள்ளது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகின்றேன்.

சொற்களை நேசித்த சிறுவன்

அகுஸ்தீனார் 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், உரோமைப் பேரரசுக்கு உட்பட்டிருந்த வட ஆபிரிக்காவின் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று அல்ஜீரிய நாட்டில் சூக் அஹ்ராஸ் என அழைக்கப்படுகின்றது. தந்தை பத்ரீசியுஸ் தம் வாழ்வின் இறுதிக் காலத்திலேயே திருமுழுக்குப் பெற்றவர். தாய் மோனிக்கா ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். பெருஞ்செல்வம் இல்லாத குடும்பமாயினும், மகன் கற்றுப் பெரும் பதவி பெறவேண்டும் என்னும் ஆவல் பெற்றோர் இருவரிடமும் இருந்தது.

அக்காலத்துப் பாடசாலையில் பிரம்படிக்குக் குறைவில்லை. கிரேக்க மொழி அவருக்குக் கசந்தது. இலத்தீன் இலக்கியமோ இனித்தது. வெர்ஜில் என்னும் கவிஞரின் காவியத்தை வாசிக்கையில், காதலனைப் பிரிந்து உயிர்மாய்த்துக்கொண்ட அரசி தீதோவுக்காக அச்சிறுவன் கண்ணீர் சிந்தினான். பின்னாளில் ஆயராக இருந்து தம் இளமையை நினைத்துப் பார்த்தபோது, கற்பனைப் பாத்திரம் ஒன்றின் சாவுக்காக அழுத தாம், இறைவனைவிட்டு விலகி நின்ற தம் ஆன்மாவுக்காக அழவில்லையே என்று அவர் வருந்தினார். ஒரு நூல் நம்மை அழவைத்தது என்பதனாலேயே அது நம்மை நல்வழிப்படுத்திவிட்டது என்று கொள்வதற்கில்லை என்பதை அவர் அவ்வாறு உணர்ந்தார்.

தகாஸ்தேயிலும் மதௌரா நகரிலும் கற்ற பின்னர், பணவசதியின்மையால் ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு, ஊர்ச் செல்வந்தர் ஒருவரின் உதவியோடு கார்த்தேஜ் நகருக்குச் சென்றார். அங்கு அவர் பயின்றது நாவன்மைக் கலை. வழக்குமன்றத்திலும் அரசவையிலும் சொற்களால் வெல்லும் ஆற்றலே அன்று உயர் பதவிக்கான திறவுகோல். அந்நகரிலேயே ஒரு பெண்ணோடு திருமணமின்றி வாழத் தொடங்கினார். அவர்களுக்கு அதேயோதாத்துஸ் என்னும் மகன் பிறந்தான்.

கருப்பொருள் தீண்டிய வேளை

அகுஸ்தீனாருக்குப் பதினெட்டு வயதாயிருந்தபோது, ஏறத்தாழ 373ஆம் ஆண்டில், பாடத்திட்டத்தின் ஒழுங்குப்படி உரோமைப் பேச்சாளர் சிசரோவின் ஹோர்தென்சியுஸ் என்னும் நூல் அவர் கைக்கு வந்தது. அந்நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. சிதறிய பகுதிகளே எஞ்சியுள்ளன. சிசரோவை மாணவர்கள் வாசித்தது, அவரைப்போல் அழகாகப் பேசக் கற்றுக்கொள்ளவே. அகுஸ்தீனாரும் அந்நோக்கத்தோடுதான் நூலைத் திறந்தார். ஆனால் அவரைத் தொட்டது நடையழகன்று, நூலின் கருப்பொருள். செல்வத்தையும் புகழையும் விட ஞானத்தைத் தேடுவதே மனிதனுக்கு உகந்தது என்னும் அதன் மையக் கருத்து அவருடைய ஆசைகளையே மாற்றியது. எப்படிச் சொல்லப்பட்டது என்பதை விடுத்து என்ன சொல்லப்பட்டது என்பதை அவர் முதன்முதலாக நோக்கிய வேளை அதுவே.

ஞானத்தைத் தேடும் ஆவல் எழுந்ததும் அவர் திருவிவிலியத்தை எடுத்தார். இங்கேதான் அவர் இடறினார். சிசரோவின் மெருகேறிய நடையில் ஊறிய அவருக்கு, அன்றைய பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பின் எளிய நடை தரம் குறைந்ததாகத் தோன்றியது. கருப்பொருளைத் தேடக் கற்றுக்கொண்டவர், சில நாட்களிலேயே மீண்டும் நடையைக்கொண்டு தீர்ப்பிட்டார். தாழ்மையான வாயிலின் ஊடே நுழைய வேண்டுமாயின் தலை குனிய வேண்டும். செருக்குற்ற இளைஞனால் அது முடியவில்லை என்று பின்னாளில் அவரே ஏற்றுக்கொண்டார்.

அழகிய பாத்திரமும் அதிலுள்ள உணவும்

அவ்வேளையில் அவரைக் கவர்ந்தவர்கள் மானிக்கேயர். ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான போராட்டமே உலகம் எனப் போதித்த அவர்கள், நம்பும்படி தாங்கள் எவரையும் வற்புறுத்துவதில்லை என்றும் அனைத்தையும் அறிவினாலேயே விளக்குவதாகவும் பெருமை பேசினர். பழைய ஏற்பாட்டின் கடினமான பகுதிகளை எடுத்துக்காட்டிக் கத்தோலிக்கரை எள்ளி நகையாடினர். அறிவாளி என்று பெயர்பெற விரும்பும் இளைஞனுக்கு இதனினும் இனிய அழைப்பு வேறு யாது? ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் அவர்களோடு இருந்தார்.

ஆயினும் வினாக்கள் எழுந்தன. விண்மீன்களின் இயக்கத்தைப் பற்றி மானிக்கேய நூல்கள் கூறியவையும், வானியல் அறிஞர்கள் கணக்கிட்டு முன்னறிவித்த கிரகணங்களும் ஒத்துப்போகவில்லை. அவர் கேட்டபோதெல்லாம், பாவுஸ்துஸ் என்னும் தங்கள் ஆயர் வந்து அனைத்தையும் விளக்குவார் என்றனர். இறுதியில் 383ஆம் ஆண்டளவில் பாவுஸ்துஸ் கார்த்தேஜுக்கு வந்தார். இனிய குரலும் கவர்ச்சியான சொல்வளமும் அவரிடம் இருந்தன. ஆனால் விடைகள் இல்லை. மற்றவர்கள் கூறியதையே அவர் இன்னும் அழகாகக் கூறினார்.

தம் அறியாமையை ஒப்புக்கொண்ட பாவுஸ்துஸின் நேர்மையை அகுஸ்தீனார் மதித்தார். ஆனால் அன்று அவர் கற்ற பாடம் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. அழகாகச் சொல்லப்பட்டது என்பதனால் ஒன்று உண்மையாகிவிடாது; கரடுமுரடாகச் சொல்லப்பட்டது என்பதனால் பொய்யாகிவிடவும் மாட்டாது. அதேபோல், எளிமையாகச் சொல்லப்பட்டது என்பதனால் உண்மையாகவும், அழகாகச் சொல்லப்பட்டது என்பதனால் பொய்யாகவும் ஆகிவிடாது. நல்ல உணவையும் கெட்ட உணவையும் வெள்ளித்தட்டிலும் பரிமாறலாம், மண்சட்டியிலும் பரிமாறலாம். உண்பவர் பாத்திரத்தை மட்டுமன்றி உணவையும் பார்க்கவேண்டும்.

அன்புக்குரிய வாசகர்களே, இவ்வுவமையைச் சிறிது நேரம் மனத்தில் இருத்துங்கள். வீட்டுவாசலில் ஒருவர் வந்து, நயமான பேச்சோடும் வண்ணப் பிரசுரத்தோடும், நாம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கும்போது நமக்கு உதவும் உவமை இது. நம் ஆலயத்திலேயே ஒரு மறையுரை நன்றாய் இருந்தது என்றோ சலிப்பூட்டியது என்றோ நாம் பேசிக்கொள்ளும்போதும் இது உதவும்.

மிலான் நகரத்துப் பேராசிரியர்

383இல் அவர் உரோமைக்குப் புறப்பட்டார். தம்மை விட்டுப் பிரிய மனமில்லாத தாயிடம் உண்மையை மறைத்து, அவர் துறைமுகத்தருகே புனித சிப்ரியானின் நினைவாலயத்தில் இறைவேண்டல் செய்துகொண்டிருந்த இரவிலேயே கப்பலேறினார். உரோமை மாணவர்கள் கட்டணம் செலுத்தாமல் ஆசிரியரை மாற்றிக்கொள்ளும் வழக்கமுடையவர்களாய் இருந்தனர். 384இல் உரோமை நகர ஆளுநர் சிம்மாக்குஸின் பரிந்துரையால், பேரரசரின் இருப்பிடமாயிருந்த மிலான் நகரில் நாவன்மைக் கலைப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. முப்பது வயதில் அவர் விரும்பிய உயரத்தை எட்டிவிட்டார்.

ஒருநாள் பேரரசரைப் புகழ்ந்து நிகழ்த்தவேண்டிய உரையை எண்ணி மனம் பதைத்தவராய் அவர் நண்பர்களோடு வீதியில் சென்றுகொண்டிருந்தார். அவ்வுரையில் பல பொய்களைச் சொல்லவேண்டும்; அவை பொய்யென அறிந்தவர்களே அதற்குக் கைதட்டுவார்கள். அவ்வேளையில் பிச்சைக்காரன் ஒருவன் குடித்துவிட்டு மகிழ்ச்சியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை அவர் கண்டார். அவனுடைய மகிழ்ச்சி உண்மையானதன்று; ஆயினும் தாம் தேடுவது அதனினும் பொய்யானது என்பதை அவர் உணர்ந்தார். அவனாவது சில காசுகளால் அதனைப் பெற்றான். தாமோ பொய்யுரைத்துப் பெற முயல்கின்றார். பிறர் உள்ளத்தை அசைக்கும் கலையில் வல்லவராகிய அவர், அக்கலை எதற்காகப் பயன்படுகின்றது என்று அன்று கேட்டார்.

மிலான் நகரின் ஆயர் புனித அம்புரோசியார் நாவன்மைக்குப் பெயர்பெற்றவர். அவருடைய புகழ் உண்மைதானா என்று அறியும் பொருட்டே அகுஸ்தீனார் ஆலயத்துக்குச் சென்றார். பொருளை அவர் பொருட்படுத்தவில்லை. சொற்களை மட்டுமே எடைபோட்டார். ஆனால் அவர் இரசித்த சொற்களோடு சேர்ந்து, அவர் புறக்கணித்த பொருளும் மெல்ல மெல்ல உள்ளே நுழைந்தது. மானிக்கேயர் நகைத்த பழைய ஏற்பாட்டுப் பகுதிகளை அம்புரோசியார் ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்தின் மேற்பரப்புக்குக் கீழே மறைந்துள்ள ஆவிக்குரிய பொருளைக் காட்டினார். எழுத்து கொல்லும், ஆவியோ வாழ்வளிக்கும் என்னும் பவுலடியாரின் கருத்தை வாசிப்பின் விதியாக அவர் அடிக்கடி எடுத்துரைத்தார். கத்தோலிக்கர் எதை நம்பவில்லையோ, அதை நம்புவதாக எண்ணியே தாம் இத்தனை ஆண்டுகள் அவர்களை எதிர்த்துவந்ததை அகுஸ்தீனார் நாணத்தோடு உணர்ந்தார்.

அம்புரோசியார் வாசிக்கும் முறையும் அவரை வியக்கவைத்தது. வாய்விட்டு வாசிப்பது பரவலான வழக்கமாயிருந்த காலத்தில், அவ்வாயர் தனித்திருந்து வாசிக்கும்போது கண்கள் ஏட்டின்மீது செல்லும், நாவோ அசையாது, உள்ளம் பொருளைத் தேடும். யாரும் உள்ளே செல்லலாம். ஆயினும் அம்மௌனத்தைக் குலைக்க மனமின்றி அகுஸ்தீனார் சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஏன் அவ்வாறு வாசிக்கின்றார்? குரலைப் பேணுவதற்காக இருக்கலாம். கடினமான பகுதிக்கு விளக்கம் கேட்டு யாரும் நேரத்தை எடுத்துவிடக்கூடாது என்பதற்காகவும் இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். எது காரணமாயினும் அது நல்ல காரணமாகவே இருக்கும் என்று முடித்தார். பிறருடைய செயலுக்குக் காரணம் தேடும்போது, ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களை எண்ணிப்பார்ப்பதும், இறுதியில் நல்லெண்ணத்தின் பக்கம் நிற்பதும் எவ்வளவு உயர்ந்த பண்பு! நம் குடும்பங்களில் எழும் பிணக்குகள் பலவும், பிறர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நாமே உய்த்துணர்ந்துகொள்வதால் அன்றோ எழுகின்றன?

தோட்டத்தில் திறந்த ஏடு

386ஆம் ஆண்டின் கோடைகாலம். அறிவுக்குத் தெளிவு கிடைத்துவிட்டது; மனவுறுதியோ கிடைக்கவில்லை. ஒருநாள் பொந்தீசியானுஸ் என்னும் அரசவை அலுவலர் அவருடைய இல்லத்துக்கு வந்தார். மேசைமீதிருந்த நூலை எடுத்துப் பார்த்தார். நாவன்மைப் பாடநூல் என்று எண்ணியவர், அது பவுலடியாரின் திருமுகங்கள் எனக் கண்டு மகிழ்ந்தார். எகிப்தின் துறவி புனித அந்தோனியாரைப் பற்றியும், அவரது வரலாற்றை வாசித்து அரச பணியைத் துறந்த இருவரைப் பற்றியும் எடுத்துக்கூறினார். அது அகுஸ்தீனாரின் உள்ளத்தைக் கிழித்தது.

நண்பர் அலீப்பியுஸுடன் தோட்டத்துக்குச் சென்றார். பின்னர் தனியே ஓர் அத்திமரத்தடியில் வீழ்ந்து அழுதார். அப்போது அயல்வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல் கேட்டது. சிறுவனா சிறுமியா என அறிய இயலவில்லை. எடுத்து வாசிக்கும்படி அக்குரல் திரும்பத் திரும்பப் பாடிற்று. இவ்விடத்தை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். அவர் உடனே அதனை அற்புதம் என்று கொள்ளவில்லை. குழந்தைகளின் விளையாட்டு எதிலேனும் இத்தகைய சொற்கள் வருமா என்று முதலில் நினைவுபடுத்திப் பார்த்தார். அவ்வாறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆலயத்தில் வாசிக்கப்பட்ட நற்செய்திப் பகுதியைத் தமக்கே கூறப்பட்டதாக ஏற்றுத் துறவியான அந்தோனியாரையும் எண்ணினார். அதன் பின்னரே இது தமக்கான இறைக்கட்டளை என்று முடிவுசெய்தார்.

விரைந்து சென்று ஏட்டைத் திறந்தார். உரோமையருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 13ஆம் அதிகாரம். களியாட்டத்தையும் காமத்தையும் சண்டையையும் விலக்கி, ஆண்டவர் இயேசு கிறிஸ்துவை அணிந்துகொள்ளுமாறு அங்கு பவுலடியார் அழைப்பு விடுக்கின்றார். அதற்கு மேல் வாசிக்க அவர் விரும்பவில்லை, தேவையும் இருக்கவில்லை. ஐயத்தின் இருள் அகன்றது. நம்பிக்கையில் வலுவற்றவரை ஏற்றுக்கொள்ளுமாறு கூறும் அடுத்த பகுதியை அலீப்பியுஸ் வாசித்துத் தமக்கு உரியதாக்கிக்கொண்டார். மோனிக்காவிடம் இருவரும் சென்று சொன்னபோது அத்தாயின் மகிழ்ச்சிக்கு அளவேது?

இந்நிகழ்வைத் தவறாகப் புரிந்துகொண்டு, திருவிவிலியத்தைக் கண்மூடித் திறந்து, கண்ணிற்பட்ட வசனத்தைக்கொண்டு திருமணத்தையும் வியாபாரத்தையும் முடிவுசெய்வோர் உண்டு. நற்செய்தி ஏடுகளிலிருந்து குறிபார்க்கும் இத்தகைய வழக்கத்தை, ஆயரான பின்னர் அகுஸ்தீனாரே தாம் விரும்பவில்லை என ஒரு மடலில் எழுதியுள்ளார். உலக அலுவல்களுக்காக இறைவார்த்தையைக் குறிசொல்லும் கருவியாக்குவது அவருக்கு உடன்பாடன்று. தோட்டத்தில் அவர் வாசித்த அந்த ஒரு பகுதிக்குப் பின்னால், பல மாதங்களாகப் பவுலடியாரை ஆழ்ந்து கற்ற உழைப்பு இருந்தது.

387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பு இரவில், மகன் அதேயோதாத்துஸுடனும் அலீப்பியுஸுடனும் அம்புரோசியாரின் கையால் திருமுழுக்குப் பெற்றார். அவ்வாண்டிலேயே ஆபிரிக்காவுக்குத் திரும்பும் வழியில், ஒஸ்தியாத் துறைமுகத்தில், மோனிக்கா 56ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். ஊர் திரும்பிய சிறிது காலத்தில் மகனும் இளம் வயதிலேயே மறைந்தான்.

வாசிக்கக் கற்பித்த ஆயர்

391இல் ஹிப்போ நகருக்குச் சென்றிருந்தபோது மக்கள் அவரைப் பிடித்துக் குருவாக்கினர். அவர் தம் ஆயரிடம் முதலில் வேண்டியது, திருவிவிலியத்தைக் கற்கச் சிறிது காலம். நாவன்மைப் பேராசிரியராக விளங்கியவர், மக்களுக்கு இறைவார்த்தையைப் பகிர இன்னும் கற்கவேண்டும் என்று கேட்டார். ஏறத்தாழ 395இல் ஆயரானார்.

திருவிவிலியத்தை வாசிப்பது எவ்வாறு என்பதனைக் கற்பிக்கக் கிறிஸ்தவப் போதனை என்னும் நூலை 396ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கினார். இடையில் நின்றுபோன அதனை முப்பது ஆண்டுகள் கழித்து, முதுமையில், நான்கு பாகங்களாக நிறைவுசெய்தார். அதில் அவர் காட்டும் வழிகள் இன்றும் நமக்குப் பயன்படுபவை.

முதலாவதாக, மறைநூல் முழுவதன் கருப்பொருள் இறையன்பும் பிறரன்புமே என்று அவர் கற்பித்தார். ஒரு பகுதியை எவ்வளவு திறமையாக விளக்கினாலும், அவ்விளக்கம் இவ்விரு அன்பையும் வளர்க்கவில்லையாயின் அவர் அதனைப் புரிந்துகொள்ளவில்லை. நூலாசிரியர் கருதாத பொருளைக் கொண்டாலும் அன்பை வளர்ப்பவர், பாதை தவறி வயல்வழியே சென்றும் சேரவேண்டிய ஊரைச் சேர்ந்தவருக்கு ஒப்பானவர். ஆயினும் அவரைத் திருத்தவேண்டும். பாதை தவறும் பழக்கம் ஒருநாள் அவரை வேறு ஊருக்கே இட்டுச்சென்றுவிடும் அல்லவா?

இரண்டாவதாக, ஒரு வசனத்தைத் தனியே பிடுங்கி எடுக்காமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றோடு சேர்த்து வாசிக்கவேண்டும். தெளிவான பகுதிகளின் ஒளியில் தெளிவற்ற பகுதிகளை விளங்கிக்கொள்ளவேண்டும். மூலமொழிகளின் அறிவும், பல மொழிபெயர்ப்புக்களை ஒப்பிடுதலும், விலங்குகள், செடிகொடிகள், எண்கள், வரலாறு ஆகியவற்றைப் பற்றிய அறிவும் துணைசெய்யும். உண்மைக்கு முரணாகத் தோன்றும் ஒன்றை மறைநூலில் கண்டால், பிரதியெடுத்தவர் தவறியிருக்கலாம், மொழிபெயர்த்தவர் பொருளைப் பிடிக்காதிருக்கலாம், அல்லது தாமே புரிந்துகொள்ளாதிருக்கலாம் என்று எண்ணுவதாகப் புனித எரோணிமுக்கு எழுதிய மடலில் குறிப்பிட்டார். வானத்தையும் பூமியையும் பற்றிக் கற்றவர்கள் நன்கறிந்த ஒன்றில், மறைநூலின் பெயரால் கிறிஸ்தவர் அறியாமையைப் பேசி நகைப்புக்கிடமாவது ஆபத்தானது என்றும் எச்சரித்தார்.

மூன்றாவதாக, உள்ளத்தைக் கவரும் சொற்கலை தன்னிலே தீயதன்று. தீயோர் அதனைப் பொய்க்குப் பயன்படுத்தும்போது, நல்லோர் உண்மையின் பக்கம் நின்று ஏன் வெறுங்கையராய் இருக்கவேண்டும் என்று அவர் கேட்டார். கற்பித்தல், மகிழ்வித்தல், செயலுக்குத் தூண்டுதல் எனச் சிசரோ வகுத்த மூன்று கடமைகளையும் அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அவற்றுள் கற்பித்தலே இன்றியமையாதது என்றார். இலத்தீனில் எலும்பைக் குறிக்கும் சொல்லும் வாயைக் குறிக்கும் சொல்லும் எழுத்தில் ஒன்றே. உயிரொலியின் நீட்சியாலேயே வேறுபடும். அவ்வேறுபாட்டை உணராத ஆபிரிக்க மக்களுக்காக, இலக்கணத்துக்கு ஒவ்வாத நாட்டுவழக்குச் சொல்லைப் பயன்படுத்தவும் அவர் தயங்கவில்லை. இலக்கண ஆசிரியர்கள் குறைகூறினாலும் பரவாயில்லை, மக்களுக்குப் புரியவேண்டும். அனைத்துக்கும் மேலாக, பேசுபவரின் வாழ்வே அவருடைய சொல்லுக்கு எடையளிக்கின்றது என்றும், பேசுமுன் அவர் இறைவேண்டல் செய்யவேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

கைதட்டலும் கண்ணீரும்

அந்நூலிலேயே அவர் தம் அனுபவம் ஒன்றைப் பதிவுசெய்துள்ளார். மொரித்தானியாப் பகுதியின் செசரேயா நகரில் ஒரு கொடிய வழக்கம் தலைமுறைகளாக நிலவியது. ஆண்டின் குறித்த ஒரு காலத்தில் நகரத்தவர் இரு அணிகளாகப் பிரிந்து, தொடர்ந்து பல நாட்கள் கற்களால் போரிட்டனர். அயலவர் மட்டுமல்லர், உறவினரும் சகோதரரும் தந்தையும் மகனும்கூட எதிரெதிரே நின்று, இயன்றவரைக் கொன்றனர். 418இல் அங்கு சென்றிருந்த அகுஸ்தீனார் அவ்வழக்கத்தை அவர்களுடைய உள்ளத்திலிருந்து வேரோடு களைய முயன்று, தம் ஆற்றல் முழுவதையும் திரட்டிப் பேசினார்.

மக்கள் ஆரவாரித்துக் கைதட்டினர். தாம் எதையும் சாதித்துவிட்டதாக அவர் அப்போது எண்ணவில்லை. அவர்கள் கற்றுக்கொண்டார்கள், மகிழ்ந்தார்கள் என்பதையே கைதட்டல் காட்டிற்று. கண்ணீரைக் கண்டபோதே அவர்கள் உள்ளம் அசைந்தது என்று அறிந்தார். உடனே உரையை நிறுத்தி, அவர்களை இறைவனுக்கு நன்றிகூறும்படி திருப்பினார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ கடந்தபின் அதனை எழுதுகையில், அத்தகைய சண்டை மீண்டும் அங்கு நிகழவில்லை என்று குறிப்பிடுகின்றார்.

பேரரசரைப் புகழப் பொய்களைத் தொடுத்த அதே கலை, சகோதரக் கொலையை நிறுத்தும் கருவியாயிற்று. ஆம், உணர்வைத் தூண்டும் சொல் வலிமைமிக்கது. அது கல்லை எடுக்கவும் செய்யும், கல்லைக் கீழே போடவும் செய்யும். நம் உள்ளம் ஒரு பேச்சினால் கொதித்தெழும்போது, இது என் கையில் கல்லைத் தருகின்றதா, என் கையிலிருந்து கல்லை வாங்குகின்றதா என்று கேட்டுப்பார்ப்பது நன்று.

சுவரில் தொங்கிய திருப்பாடல்கள்

430ஆம் ஆண்டு வண்டாலர் என்னும் இனத்தவர் ஹிப்போ நகரை முற்றுகையிட்டனர். அம்முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் முதிய ஆயர் காய்ச்சலுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். கடவுளின் நகரம் உள்ளிட்ட பெருநூல்களை எழுதியவர், கிறிஸ்தவ உலகெங்கும் அறியப்பட்டவர், தம் இறுதி நாட்களில் விரும்பி வாசித்தவை தாவீதின் மனத்துயர்த் திருப்பாடல்கள் சிலவே. அவற்றை ஏடுகளில் எழுதுவித்துச் சுவரில் தொங்கவிடச் செய்தார். ஏறத்தாழப் பத்து நாட்கள், மருத்துவர் வரும் வேளையும் உணவு வரும் வேளையும் தவிர எவரும் உள்ளே வரவேண்டாம் எனக் கேட்டுக்கொண்டு, படுத்தபடியே அவற்றை வாசித்து அழுதார். கற்பனை அரசிக்காக அழுத கண்கள் இப்போது உரிய இடத்தில் கண்ணீர் சிந்தின. ஓகஸ்ட் 28ஆம் நாள், 75ஆவது வயதில், உயிர்நீத்தார். அவருடைய நண்பரும் ஆயருமான பொசீதியுஸ் இவற்றைப் பதிவுசெய்துள்ளார். ஏழையாக வாழ்ந்தமையால் மரணசாசனம் எழுத அவருக்கு அவசியம் இருக்கவில்லை. ஆலயத்தின் நூலகத்தைக் கவனமாகப் பேணுமாறே கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்புக்குரிய குடும்பங்களே, 2025இல் அகுஸ்தீனார் சபைத் துறவியான பதினான்காம் லியோ திருத்தந்தையாகத் தெரிவுசெய்யப்பட்டபோது அப்புனிதரின் பெயர் மீண்டும் உலகெங்கும் ஒலித்தது. பெயரை அறிவதோடு நில்லாமல் அவர் வாசித்தவாறு வாசிக்க நாமும் முயல்வோமா? இவ்வாரத்தில் ஒருநாள் மாலை, செபமாலைக்குப் பின்னர், வரும் ஞாயிறு நற்செய்தியைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். இப்பகுதியின் மையக் கருத்து யாது, இதற்கு முன்னும் பின்னும் என்ன கூறப்பட்டுள்ளது, சொல்லப்படாமல் நாம் உணரவேண்டியது எது, இது நம் வீட்டில் எவர்மீதான அன்பை இன்னும் வளர்க்கும்படி கேட்கின்றது என்று வினவுங்கள். சிறுபிள்ளை கூறும் விடையையும் பொறுமையோடு கேளுங்கள். பரீட்சைக்காக மட்டும் வாசிக்கப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, வாழ்வுக்காக வாசிக்கும் பழக்கம் அவ்வாறே பிறக்கும்.

ஒரு குழந்தையின் குரல்வழியே அகுஸ்தீனாரைத் தம் வார்த்தையிடம் அழைத்த இறைவன், நம் இல்லங்களிலும் தம் வார்த்தையைத் திறந்துவைத்து, அதன் பொருளை உணரும் உள்ளத்தையும் உணர்ந்தவாறு வாழும் வலிமையையும் நமக்கு அருள்வாராக. ஆமென்.